மாடிப் பந்தி

திருமணத்துக்குப் போய் வந்தவர் எவரைக் கண்டாலும் சடையப்பன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனாவது பந்தி?" என்பதுதான். மணமக்கள் யார், சீர் என்ன செய்தார்கள் என்பவையெல்லாம் அதற்குப் பின்னரே. முதல் பந்தி என்று பதில் வந்தால் தலையசைப்பார். மூன்றாம் பந்தி என்றால், யாரோ தம்மையே அவமதித்துவிட்டதைப் போல முகம் சுருங்கும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில், ஊர் எல்லையைத் தாண்டியதும் இடப்புறம் தெரியும் அம்சா திருமண மண்டபத்தின் உரிமையாளர் அவர். அம்சா என்பது அவருடைய மனைவியின் பெயர்.

பணி ஓய்வு பெற்ற பின், காலை நடையை முடித்துக்கொண்டு அந்த மண்டபத்தின் அலுவலக அறையில் அமர்ந்து நாளிதழ் படிப்பது என் வழக்கமாயிற்று. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி நான் நேரில் கண்டது. எஞ்சியது சடையப்பனும் அவர் மனைவியும் சொல்லக் கேட்டது.

நெல் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் அவருடையது. சாலை அகலப்படுத்தப்பட்டு நிலத்தின் மதிப்பு உயர்ந்தபோது, உடன்பிறந்தோர் தத்தம் பங்கை விற்று வீடு கட்டினர், லாரி வாங்கினர். சடையப்பன் மட்டும் தம் பங்கில் மண்டபம் எழுப்பினார். நெல் ஏமாற்றலாம், லாரி கவிழலாம், ஆனால் மனிதர்கள் திருமணம் செய்துகொள்வதை நிறுத்தமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் அப்போது ஒருவரும் குறை காணவில்லை. முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், தை பிறப்பதற்கு முன்பே அவ்வாண்டு முகூர்த்த நாட்கள் அனைத்தும் பதிவாகிவிடும். நாள் கிடைக்காதவர்கள், மண்டபத்துக்கேற்பத் திருமண நாளை மாற்றியதும் உண்டு.

அக்காலத்துக் கூட்டத்தை அறிந்தவர்களுக்குப் பந்தியின் நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால், அவர் எப்போது எழுவார் என்று ஒருவர் நிற்பார். முன்னால் இருப்பவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பார். மோர் ஊற்றியதும் நாற்காலியின் முதுகில் கை விழும். தம் மண்டபத்தில் இப்படி நின்றவர்களின் முகங்கள் சடையப்பனை உறுத்திக்கொண்டே இருந்தன. மண்டபத்துக்கு இருக்கும் ஒரே குறை அதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பெருந்தொற்று முடிந்து திருமணங்கள் மீண்டும் தொடங்கியபோது, பதிவுகள் முன்போல் வரவில்லை. ஆவணியில் பாதி நாட்கள் காலியாகக் கிடந்தன. சடையப்பன் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தார்: பந்திக்குக் காத்து நிற்க மக்களுக்குப் பொறுமை போய்விட்டது. வங்கியில் கடன் பெற்று, மண்டபத்தின் மேல் முழு நீளத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கூடத்தைக் கட்டினார். கீழே வந்திருக்கும் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மேலே அமரலாம். கருங்கல் பலகை பதித்த அகலமான படிக்கட்டு. சமையற்கட்டு கீழேயே இருந்ததால், குழம்பு அண்டாக்களை மேலே கொண்டுபோக மின்சாரத்தில் இயங்கும் சிறிய இரும்புக் கூண்டு ஒன்றையும் அமைத்தார். கூண்டு ஏறுவதையும் இறங்குவதையும் வந்தவர்களுக்கெல்லாம் இயக்கிக் காட்டினார்.

புள்ளியியல் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில், கட்டடம் எழும்போதே எனக்கு ஐயம் தோன்றியது. திருமணத்துக்கு வரும் கூட்டம் எங்கிருந்து வருகிறது? சடையப்பனுடன் பிறந்தவர்கள் ஆறு பேர்; அம்சாவுடன் பிறந்தவர்கள் ஐந்து பேர். அவர்களுடைய துணைகள், துணைகளின் உடன்பிறந்தோர், அவர்கள் வழிச் சம்பந்திகள் என்று பெருக்கிக்கொண்டே போனால், ஒருவரையும் வலிந்து அழைக்காமலேயே மண்டபம் நிரம்பிவிடும். சடையப்பனுக்கோ ஒரே மகள். அந்த மகளுக்கு நாளை பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குத் தாய்மாமனும் இல்லை, சித்தியும் இல்லை. ஒரு தலைமுறையில் உடன்பிறப்பு குறைந்தால் அடுத்த தலைமுறையில் கூட்டம் கழித்தலாகக் குறைவதில்லை, வகுத்தலாகக் குறைகிறது. இதை அவரிடம் சொன்னேன். முதல் பந்தியிலேயே எல்லாருக்கும் இடம் கிடைத்தால் வராதவர்களும் வருவார்கள் என்று பதில் வந்தது.

மேல்கூடம் திறக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை முற்பகலில், இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருத்தியும் மண்டபத்தைப் பார்க்க வந்தனர். இருவரும் மென்பொருள் நிறுவன ஊழியர்கள். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அந்தப் பெண் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தாள். மேல்கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நடனம் வைக்க முடியுமா என்று இளைஞர் கேட்டார். சடையப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொண்ணோட அப்பா யாரும்மா?" என்றார்.

அப்பா கோயம்புத்தூரில் இருப்பதாகவும், செலவு முழுவதும் தாங்கள் இருவருமே ஏற்பதாகவும், முன்பணத்தை அப்போதே கைப்பேசி வழியாக அனுப்பிவிட முடியும் என்றும் அவள் சொன்னாள்.

"அது இன்னாவோ இருக்கட்டும்மா. பெரியவங்கோ யாருனா வந்து தட்டுல வெத்தலை பாக்கோட வெச்சுக் குடுக்கட்டும். பசங்க கையில அட்வான்ஸ் வாங்கற பழக்கம் நமக்குக் கெடையாது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டு வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணின் தகப்பன் கையால் முன்பணம் வாங்கினால், பின்னர் ஒரு தகராறு வந்தாலும் பேசுவதற்கு ஓர் ஆள் இருப்பான் என்பது அதற்குள் இருந்த நடைமுறை அறிவு. ஆனால் வாங்குகிறவர் மாறிவிட்டார் என்பதை விற்கிறவர் கவனிக்கவில்லை. தகப்பன் செலவு செய்தபோது தகப்பனுக்குத் தெரிந்தவர்களுக்காக மண்டபம் தேடினான். மகள் செலவு செய்யும்போது மகளுக்குத் தெரிந்தவர்களுக்காகத் தேடுகிறாள். சடையப்பன் இன்னமும் தகப்பனுடனேயே பேசிக்கொண்டிருந்தார்.

அந்த இணையின் திருமணம் நெம்மேலியைத் தாண்டி ஒரு கடற்கரை விடுதியில் நடந்தது. அதைச் சொன்னவர் சமையல் ஒப்பந்தக்காரர் வரதன். பல ஆண்டுகளாக இந்த மண்டபத்தின் சமையல் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அந்த விடுதித் திருமணத்துக்குச் சமைத்தவரும் அவரே. சடையப்பன் அதைத் துரோகம் என்றார். வரதன் கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னா அண்ணாத்த பண்றது. நீ வருசத்துக்கு நாலு கல்யாணம் குடுக்கிற, அவன் மாசத்துக்கு நாலு குடுக்கிறான். எனுக்கும் வூடு கீது."

சடையப்பனின் மகள் தமிழ்ச்செல்வி சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் பணிபுரியும் பிரவின்குமாரை மணந்துகொள்வதில் இரு வீட்டாருக்கும் தடையில்லை. பிரவின்குமாரின் தந்தை பாலசுப்ரமணியன், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றுப் புதுப்பட்டினத்தில் குடியிருக்கிறார். நிதானமானவர், நகைச்சுவை உணர்வுள்ளவர். நிச்சயதார்த்தம் வரை எல்லாம் சீராக நடந்தது. திருமணத்தை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியில், நூற்றிருபது பேருடன் நடத்தப்போவதாகத் தமிழ்ச்செல்வி சொன்ன அன்றுதான் வீடு இரண்டாகப் பிளந்தது.

பல நாள் நடந்த சண்டை அது. சடையப்பன் கெஞ்சினார், ஏசினார், ஒரு வாரம் மகளுடன் பேசாமல் இருந்தார். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு தைக்கு ஒரே ஒரு பதிவுதான் வந்திருந்தது. மேல்கூடத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நின்றது. இந்த நிலையில் மண்டபத்தின் எதிர்காலமே மகள் திருமணத்தைப் பொறுத்தது என்று அவர் உறுதியாக நம்பினார். அதை மகளிடம் சொன்ன சொற்களை அம்சா எனக்கு அப்படியே சொன்னார்.

"ஊரான் வூட்டுப் பொண்ணுங்கோ எல்லாம் இங்க வந்து தாலி கட்டிகினாங்கோ. மண்டபத்துக்காரன் பொண்ணு மட்டும் மணல்ல போயி கட்டிகினா ஊரு இன்னா பேசும்? அவனே அங்க வெக்கல, அந்த மண்டபத்துல இன்னாவோ கோளாறு கீதுன்னு பேசும். அப்புறம் எவன் வருவான்?"

"நீ கல்யாணத்தைப் பத்திப் பேசுறியா, மண்டபத்தைப் பத்திப் பேசுறியாப்பா?" என்று தமிழ்ச்செல்வி கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ஒண்ணு இல்ல. நீ கூப்பிடுற ஆயிரம் பேர்ல, நான் ரோட்ல போனா எத்தினி பேருக்கு என்னை அடையாளம் தெரியும் சொல்லு."

அவரிடம் பதில் இருந்தது, ஆயிரம் பேருக்கும் சடையப்பன் மகள் என்று தெரியும் என்பதுதான் அது. ஆனால் அவள் கேட்டது அதுவன்று என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது.

அம்சா நடுவில் நின்று ஓர் ஏற்பாட்டைச் செய்தார். தாலி கட்டுவது கடற்கரையில், மணமக்கள் செலவில். அதே வாரத்தின் ஞாயிறு மாலை, ஊருக்கெல்லாம் வரவேற்பு விருந்து, தந்தையின் மண்டபத்தில். அன்று வரும் கூட்டம் முழுவதும் மேல்கூடத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவிட்டுப் போனால், அந்தப் பேச்சே மண்டபத்தை மீட்டுவிடும் என்று சடையப்பன் சமாதானமடைந்தார்.

கடற்கரைத் திருமணத்துக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சடையப்பன்தான் அங்கே திண்டாடினார். வாழ்நாளில் பாதியைத் திருமணங்களை மேற்பார்ப்பதிலேயே கழித்தவருக்குத் தம் மகள் திருமணத்தில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. பூமாலை வாடுகிறது என்று தண்ணீர் தெளிக்கப் போனார். அதற்கென ஒருவர் இருந்தார். சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்கப் போனார். வெளியார் வரக்கூடாது என்று தடுத்தார்கள். விழா ஏற்பாட்டாளரான ஜெபா என்ற பெண், காதில் கருவியும் கையில் பட்டியலுமாக நடமாடிக்கொண்டிருந்தவள், அவரிடம் வந்து மிகப் பணிவாகச் சொன்னாள்: "அங்கிள், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பொண்ணோட அப்பா நீங்க, ரிலாக்ஸா உக்காருங்க." அவர் பெயர் எழுதிய நாற்காலியைக் காட்டினாள். தாலி கட்டும் வரை அவர் அதில் கைகளை முழங்கால் மேல் வைத்தபடி, வைத்தியர் அறைக்கு வெளியே இருப்பவரைப் போல அமர்ந்திருந்தார்.

ஞாயிறு வரவேற்புக்கு அவர் மதுராந்தகம் வரை வீடு வீடாகச் சென்று, தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து அழைத்திருந்தார். அப்படி அழைக்கப்பட்டவர்கள் வராமல் இருப்பது இப்பக்கத்தில் இன்னமும் அவமரியாதை. எனவே வந்தார்கள். ஆறரை மணிக்கெல்லாம் மண்டபத்தின் கீழ்க்கூடம் நிரம்பிவிட்டது. வாயிலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த சடையப்பன், என்னைப் பார்த்ததும் உள்ளே கையைக் காட்டினார். கழித்தல், வகுத்தல் என்று பேசியவன் இதைப் பார்க்கட்டும் என்பது அந்தக் கையின் பொருள்.

நான் பார்த்தேன். அத்தனை நாற்காலிகளிலும் மனிதர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய அத்தனை தலைகளும் நரைத்திருந்தன. தட்டு வைத்து அழைத்தால் வரவேண்டும் என்று கருதும் தலைமுறை முழுவதும் வந்திருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் வரவில்லை. ஒருவன் பெங்களூரில் இருந்தான். ஒருத்திக்கு விடுப்பு இல்லை. பலர் கைப்பேசியில் வாழ்த்து அனுப்பியிருந்தார்கள். நாற்காலிகளின் ஓரத்தில் கைத்தடிகள் சாய்ந்திருந்தன. மருந்துப் பையைத் திறந்து, உணவுக்கு முன் விழுங்க வேண்டிய மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தவர்களை எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

ஏழு மணிக்கு மேல்கூடத்தில் இலைகள் விரிக்கப்பட்டன. சம்பந்தி வீட்டார் முதலில் அமர வேண்டும். அவர்கள் அமர்ந்து கை வைத்த பின்னரே மற்ற இலைகளில் பரிமாறுவார்கள். இந்த முறையிலிருந்து சடையப்பன் குடும்பத்தில் யாரும் வழுவியதில்லை. அவர் கைகூப்பியபடி பாலசுப்ரமணியனிடம் சென்று சாப்பிட வருமாறு அழைத்தார். பாலசுப்ரமணியனும் அவர் மனைவி ஞானம்பாளும் எழுந்து, மெதுவாக நடந்து, படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்கள். பாலசுப்ரமணியன் மேலே பார்த்தார். அவருக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடற்கரை விடுதி முழுவதும் சமதளமாக இருந்ததால் எவரும் அதை நினைக்கவில்லை.

"சம்பந்தி, மத்தவங்களை உக்கார வையுங்க. எங்களுக்கு ஒரு தட்டுல போட்டு இங்கேயே குடுத்துடுங்க. எங்களுக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது."

"நீங்க உக்காராம மேல ஒரு பருக்கை விழாது சம்பந்தி. இன்னா பேச்சு இது."

இதைச் சொல்லிவிட்டுச் சடையப்பன் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். சம்பந்தியை அதில் அமர்த்தி மேலே தூக்கிச் செல்ல உறவில் நான்கு வாலிபர்கள் வேண்டும்; சமையல் ஆட்களை அதற்கு அழைப்பது மரியாதையன்று. அவர் கூடத்தின் நடுவில் நின்று நான்கு புறமும் பார்த்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர் கண்ணுக்கு ஒருவரும் அகப்படவில்லை. மேடையிலிருந்து பிரவின்குமார் மாலையைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார்; அவருடன் அலுவலக நண்பர் ஒருவர். அதோடு சரி.

பாலசுப்ரமணியன் மகனின் தோளைத் தட்டினார். "என்னை நாலு பேர் தூக்கறதுக்கு இன்னும் நாள் இருக்குடா. இப்பவே ஒத்திகை பார்க்காதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது பார்த்துச் சாம்பார் அண்டா இரும்புக் கூண்டில் ஏறிக் கர்ரென்று மேலே போயிற்று. அம்சாவின் தூரத்து உறவினரான ஒரு முதியவர், தடியை அதன் பக்கம் நீட்டினார். "சாம்பாரு மட்டும் சொகுசா போவுது பாரு. சடையா, எங்களையும் ஒவ்வொருத்தரா அதுல போட்டு அனுப்பு, நைனா."

"எவ்வளவு எடை தாங்கும்?" என்று பாலசுப்ரமணியன் மெய்யான பொறியாளர் அக்கறையுடன் கேட்டார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி அமராததால் பந்தி தொடங்கவில்லை. பந்தி தொடங்காததால், மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் தவிக்கத் தொடங்கினார்கள். மேலே ஏறிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிய சிலர், பாதிப் படியில் சுவரைப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களைத் தாண்டி எவரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. ஞானம்பாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் அவர். கைகள் நடுங்குவதை முதலில் கவனித்தவர் அம்சா. விடுவிடுவென்று சமையற்கட்டுக்குள் போய், ஒரு தட்டில் சோறும் இனிப்புமாக வைத்துக்கொண்டு வந்து ஞானம்பாளின் மடியில் வைத்தார்.

சடையப்பன் தடுத்தார். முதல் கவளம் இலையில் விழ வேண்டும் என்றார்.

"அவங்க மயங்கி வுழுந்தா உன் முறை வந்து தூக்குமா?" என்று அம்சா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அருகிலிருந்த எல்லாருக்கும் அது கேட்டது.

அதன் பிறகு ஒழுங்கு என்று எதுவும் இல்லை. வரதனின் ஆட்கள் மேலிருந்து அண்டாக்களைக் கீழே இறக்கினார்கள். போதுமான தட்டுகள் இல்லாததால், இலைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பட்டுப் புடவையும் கரை வேட்டியும் அணிந்த முதியவர்கள், மேடையைப் பார்த்துப் போடப்பட்டிருந்த நாற்காலிகளில், துண்டு இலையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ரசம் பலர் மடியில் சிந்தியது. மேல்கூடத்தில் மின்விசிறிகள் சுழல, முழு இலைகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஏற முடிந்த சிலர் மட்டும் அங்கே ஒரு மூலையில் அமர்ந்து சாப்பிட்டதாகப் பின்னர் தெரிந்தது. எந்த நாற்காலிக்குப் பின்னாலும் எவரும் நிற்கவில்லை.

ஊர் என்ன பேசும் என்று அவர் அஞ்சினாரோ, அதை ஊர் பேசவே இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் மேலே ஏற முடியவில்லை என்பதே எல்லார் வாயிலும் இருந்தது. மகள் கடற்கரையில் மணந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை. தங்கள் பேரப் பிள்ளைகளின் திருமணங்களும் கடற்கரையில்தான் நடக்கப்போகின்றன என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த அலட்சியம் சடையப்பனைப் பழிச்சொல்லைவிட அதிகமாகச் சுட்டது. பல நாட்கள் அவர் எல்லார் மீதும் எரிந்து விழுந்தார். வாலிபர்கள் வரவில்லை என்று ஏசினார். வந்த கிழவர்களுக்கு முழங்காலில் வலு இல்லை என்றும் ஏசினார். இரண்டு ஏச்சில் ஒன்றையாவது விட்டுவிடலாமே என்று கேட்டேன். "நீங்க பேப்பரைப் படிங்க சார்" என்றார்.

அடுத்து வந்த முகூர்த்தப் பருவத்துக்கு ஒரு திருமணப் பதிவும் இல்லை. அந்நிலையில்தான் ஜெரோம் என்பவர் வந்தார். இணையத்தில் பொருள் வாங்குவோருக்குப் பொதிகளைப் பிரித்து அனுப்பும் ஒரு நிறுவனத்துக்காக இடம் தேடுகிறவர் அவர். நடுவில் தூண் இல்லாத கூடம், லாரி திரும்பும் அளவுக்கு முற்றம், சாலையோர இருப்பிடம் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. மாத வாடகையாக அவர் சொன்ன தொகை வங்கிக் கடனுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் திருமணம் நடந்த இடத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்குவதற்குச் சடையப்பனுக்கு மனம் வரவில்லை. ஒரு யோசனை தோன்றி, மேல்கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்.

"மேல எனக்கு வேணாம் சார்," என்றார் ஜெரோம். "மூட்டையைத் தூக்கிகினு மாடி ஏற இப்ப எந்தப் பையன் வரான்?"

சடையப்பன் முடிவு சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டு ஜெரோமை அனுப்பினார்.

அந்த வாரத்தில் இன்னொரு கேள்வி வந்தது, பாலசுப்ரமணியன் வழியாக. அவருடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு எண்பது வயது நிறைகிறது. சதாபிஷேகத்தைப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து நடத்துகிறார்கள். இருநூறு பேர் வருவார்கள். கடற்கரை விடுதிகளில் முதியவர்களுக்கு மணலும் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு கீழேயே என்றால், வாயிலில் படிக்குப் பதில் சாய்தளம் இருந்தால், கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால், இந்த மண்டபத்தையே எடுத்துக்கொள்வார்கள். அதே ஆண்டில் அறுபதும் எழுபதும் நிறையும் நண்பர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள்.

பாலசுப்ரமணியன் தொலைபேசியை வைத்ததும் சடையப்பன் என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்துக்குன்னு கட்டினேன் சார். இப்ப கல்யாணம் ஆயி அம்பது வருசம் ஆனவங்கோதான் வராங்கோ. அதுவும் கீழயே சோறு போடுன்றாங்கோ. மேல கட்டினதை இன்னா பண்றது, வடாம் காய வெக்கறதா?"

அன்று மாலை மகளிடமும் இதையே சொல்லிப் பொருமியிருக்கிறார். யார் வருகிறார்களோ அவர்களுக்கு ஏற்றபடி மண்டபத்தை மாற்று, யார் வர வேண்டும் என்று நீ நினைக்கிறாயோ அவர்களுக்காக அல்ல என்று தமிழ்ச்செல்வி கூறினாளாம். அவர் அவளைத் திட்டிவிட்டுத் தொலைபேசியைத் துண்டித்தார். பின்னர் ஜெரோமை அழைத்து, மண்டபம் கிடைக்காது என்றார்.

மறுவாரம் நான் நாளிதழ் படிக்கப் போனபோது, வாயிலில் கொத்தனார் ஒருவர் படிகளின் மேல் சாய்தளம் அமைத்து முடித்திருந்தார். மருந்துக் கடையிலிருந்து இரவல் பெற்ற சக்கர நாற்காலி ஒன்றில் சடையப்பன் அமர்ந்திருந்தார். சித்தாள் ஒருவர் பின்னாலிருந்து தள்ள, சாய்தளத்தில் பாதி தூரம் ஏறுவதற்குள் நாற்காலி பின்னோக்கி நழுவிற்று. கொத்தனாரும் ஓடி வந்து பிடிக்க வேண்டியதாயிற்று.

"உன் வயசுல இவ்ளோ கனம் ஆகாது அண்ணாத்த," என்றார் கொத்தனார். "வரவங்கோ மெலிஞ்சவங்களா இருப்பாங்கோ. இது போதும்."

"அவங்களைத் தள்றவங்க யாரு? அவங்களும் கெழவனுங்கதான்." சடையப்பன் நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். "சரிவு ஜாஸ்தி. இடிச்சுட்டு நீளமா போடு."

சிமெண்ட் இன்னும் முழுதாக இறுகவில்லை என்று கொத்தனார் முனகினார். அப்படியென்றால் இடிப்பது சுலபம் என்று சொல்லிவிட்டு, சடையப்பன் நாற்காலியை விட்டு இறங்காமலே, சாய்தளம் எதுவரை நீள வேண்டும் என்று முற்றத்தில் கையால் கோடு காட்டத் தொடங்கினார்.